சாம்பல் நிறச் சட்டை

அந்த ஆள் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போனான்.

பிறப்புப் பதிவு ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் அதிகாரிக்கு மண்டை குடைந்தது. காலையிலிருந்தே இதே கூத்து. ஜன்னலை நெருங்கியதும் பின்னால் நிற்பவருக்கு இடம் விட்டு நழுவுகிறான். இவனுக்கு என்ன வேண்டும்?

யோசிக்க விடாமல் எதிரே நின்றவன் வெடித்தான்.

"தாய்மாமன் நான்! எனக்கு இல்லாத உரிமையா மேடம்?"

"கொஞ்சுற உரிமை இருக்கு சார். பதியற உரிமை இல்ல. அம்மா, அப்பா, இல்லன்னா பிறக்கும்போது கூட இருந்தவங்கதான் பதியலாம்."

"அக்காவுக்கு இன்னும் மயக்கம் தெளியல. மாமா நடுக்கடல்ல கப்பல்ல இருக்கார், போனே போகல. குழந்தைக்கு இருதயத்துல கோளாறு, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தணும். அங்க சர்டிபிகேட் இல்லாம சேர்க்க மாட்டேங்குறாங்க!"

"இப்ப இருக்கிற ஆஸ்பத்திரியில எழுதித் தரலாமே?"

"இங்க பிறக்கலையேன்னு கைய விரிச்சுட்டாங்க. பிறந்தது எங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட்ல. பாதியில நின்னுடுச்சு. கதவு திறந்தப்போ அக்கா மயங்கிக் கிடந்தா. பக்கத்துல குழந்தை, யாரோ ஒருத்தனோட சாம்பல் சட்டையில சுத்தி. ஆளைக் காணோம். லிஃப்ட்டை நிறுத்தினவன் மட்டும் கையில சிக்கட்டும், தோலை உரிச்சுடுவேன்!"

சாம்பல் சட்டை. அதிகாரியின் பார்வை வரிசையின் வாலுக்குத் தாவியது. சாம்பல் நிற யூனிஃபார்ம் பேண்ட். மேலே மட்டும் பொருந்தாத கட்டம் போட்ட சட்டை.

"ஏங்க, கட்டம் போட்ட சட்டை! இங்க வாங்க."

அவன் திருடனைப் போல விழித்தபடி வந்தான். "லிஃப்ட் மெக்கானிக்ங்க. நான் கையெழுத்துப் போட்டா என் பேர் பதிவாகுமா?"

"கண்டிப்பா."

அவன் குரலைத் தாழ்த்தினான். "பழுது பார்க்குறோம்னு போர்டு மாட்ட மறந்துட்டேன். லிஃப்ட் கூரை மேல உட்கார்ந்து அதை நிறுத்தினேன். கீழ அலறல். மேல்மூடியைத் திறந்து குதிச்சேன். எல்லாம் முடிஞ்சதும் மறுபடி மேல ஏறி, லிஃப்ட்டை இறக்கிவிட்டுட்டு ஓடிட்டேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை காலி. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல சர்டிபிகேட் இல்லன்னு பேசிக்கிட்டதைக் கேட்டதும் மனசு கேக்கல."

தாய்மாமனின் கை அவன் காலரைப் பிடித்தது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"பிறந்ததும் அழுதாளா?"

"உடனே இல்லீங்க. முதுகுல தட்டினேன். அப்புறம் பாருங்க, என்னையே திட்டுற மாதிரி ஒரே கத்தல்."

காலரைப் பிடித்த விரல்கள் தளர்ந்தன. தாய்மாமனுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "எங்க அம்மா குரல்தான்."

மெக்கானிக் பேனாவை எடுத்தான். பிறந்த இடம்: லிஃப்ட், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில். உறவு என்ற கட்டத்தில் தயங்கினான்.

"'கூட இருந்தவர்'னு போடுங்க. அது போதும்," என்றாள் அதிகாரி.

போட்டான். கையெழுத்தும் போட்டான். முத்திரை விழுந்தது. சான்றிதழைப் பறித்துக்கொண்டு ஓடிய தாய்மாமனை மெக்கானிக் வாசலில் மடக்கினான்.

"சார், அந்தச் சட்டை... வேலையை விட்டுத் தூக்கினா யூனிஃபார்மைத் திருப்பிக் கேப்பாங்க."

"கேக்கட்டும்! அது இப்ப எங்க பாப்பா சட்டை. வேணும்னா உங்க கம்பெனிக்காரனை எங்க வீட்டுக்கு வந்து அவகிட்டயே கேக்கச் சொல்லுங்க. ஏறுங்க வண்டியில, அவளை நீங்களும் பார்க்க வேணாமா?"