வழித்துணை

பல்கலைக்கழகத்துக்குள் இரண்டு பேராவது வரும் காருக்குத்தான் இடம் என்று விதி வந்தது. அன்றிலிருந்து வேதியியல் பேராசிரியை, கணக்கு வாத்தியாரை வழியில் ஏற்றிக்கொண்டார். வீட்டில் பேச ஆளில்லாத பேராசிரியைக்கு வாத்தியாரின் ஓயாத வாய் பெரிய ஆறுதல்.

பிறகு மின்சாரப் பேருந்து விட்டார்கள்.

"இனிமே உங்களுக்குச் சிரமமில்ல மேடம். வீட்டு வாசல்லயே பஸ் நிக்குது!" என்றார் வாத்தியார், வாயெல்லாம் பல்லாக.

"நல்லதாப் போச்சு சார்."

மறுநாள் காரில் தனியாக வந்த பேராசிரியையைக் காவலாளி வெளி மைதானத்துக்குத் திருப்பிவிட்டார்.

அடுத்த வாரம் பேராசிரியையும் பேருந்தில் ஏறினார். வாத்தியார் கையசைத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் தன் மாமியார் கதையைத் தொடர்ந்தார். பேராசிரியை ஏற்கெனவே கேட்ட கதைதான். கம்பியைப் பிடித்தபடி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.