தொண்ணூற்றெட்டு கிலோ வால்வு

மனித குலம் சாக்கடையோடு நடத்திவந்த போர் இந்த வாரத்தோடு முடிகிறது என்று கழிவுநீர்த் துறையின் இளநிலை இன்ஜினியர் தன் அக்கா வீட்டில் நின்றபடி அறிவித்தான். சிரிக்கவில்லை. வேலையில் சேர்ந்து பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது.

"இனிமே இந்தத் தெருவுல மழை பெஞ்சா மழை மட்டும்தான் வரும்."

அக்கா தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல், "இதுக்கு முன்னாடி என்ன வந்துச்சு?" என்றாள்.

"உன் வீட்டுக்காரரைக் கேளு. அவர்தானே அதுமேல உட்கார்ந்திருப்பார்."

விஷயம் இதுதான். தெருவிலேயே ஆகப் பள்ளத்தில் இருந்தது அக்கா வீடு. பூமிக்கடியில் ஓடிய மெயின் குழாய்க்கு எண்பது வயது. கனமழை வந்தால் வாங்கியதையெல்லாம் அது திருப்பிக் கொடுத்துவிடும். அதிலும் முதல் மரியாதை அக்கா வீட்டுக் கக்கூஸுக்கு. அதனால் மேகம் கறுத்ததும் அத்தான் ஒரு மணல் மூட்டையை பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பீங்கானுக்குள் திணிப்பார். மேலே ஒரு பலகை போடுவார். பஸ் கண்டக்டராக இருபது வருஷம் நின்றே அலுத்த தன் தொண்ணூற்றெட்டு கிலோவையும் பலகைமேல் இறக்கிவைத்து, செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். பக்கத்துக் குளியலறை ஓட்டைக்குப் பழந்துணியும் அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரும் போதும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்திருப்பார். ஒன்பது மழைக்காலம் இப்படியே போயிற்று.

"உலகத்துலேயே சாப்பாடு போட்டா வேலை செய்யிற ஒரே வால்வு எங்க அத்தான்தான்" என்று இன்ஜினியர் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அத்தானிடமும் சொன்னான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சர்வீஸ் மட்டும் யாரும் பண்றதில்ல மச்சான்" என்றார்.

அக்கா ஒரு கணக்கு வைத்திருந்தாள். பரணில் அறுபது சட்டை அடங்கும். அதற்குமேல் வேலை எடுக்கமாட்டாள். தரையில் எதையும் வைப்பதில்லை. இந்த வருஷம் பள்ளிக்கூடம் இருநூற்றுப் பத்து வெள்ளைச் சட்டைக்கும் அவளையே கேட்டது. நேரத்துக்குக் கொடுத்தால் வருஷா வருஷம் அவளுக்கே. சொதப்பினால் வழக்கமாகத் தரும் அறுபதும் கிடையாது. அவள் தயங்கினாள்.

"எடுத்துக்கோக்கா. நான் பொறுப்பு," என்றான் தம்பி.

தெருக் குழாய் மெயினில் சேரும் முனையில் அவன் ஒரு ஒருவழி வால்வு பொருத்தினான். தண்ணீர் போகும், திரும்பி வராது. குழிக்கு மேலே குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஃபோர்மேன் கேட்டார்: "மெயின் ரொம்பினா இந்தக் கதவு மூடிக்கும்ல சார்?"

"அதுக்குத்தானே போடறோம்."

"அப்ப தெருத்தண்ணி எங்க போகும்?"

"மழை நேரத்துல வீட்டுக்காரங்க அப்படி எவ்வளவு தண்ணி விட்டுடப்போறாங்க?"

"மொட்டைமாடிக் குழாயெல்லாம் இதுலதான் விட்டிருக்கு. முப்பத்திரண்டு வீடு. பாதிக்கு நானே இணைப்பு குடுத்தேன்."

இன்ஜினியர் வரைபடத்தை விரித்தான். அந்தத் துறையில் வரைபடத்தில் இல்லாதது உலகத்திலும் இல்லை. அது அவர்கள் வழக்கம். மழைத்தண்ணீருக்குத் தனிக் கால்வாய் என்று நீலக் கோடு அழகாக ஓடியது. "அப்படி எதுவும் இதுல இல்லையே," என்றான்.

"மழை அதைப் படிச்சதில்ல சார்," என்றார் ஃபோர்மேன். ஆனாலும் நட்டை முறுக்கினார்.

அன்று சாயங்காலம் இன்ஜினியர் தன் கையாலேயே மணல் மூட்டையை அவிழ்த்து வாசல் பள்ளத்தில் கொட்டினான். அத்தான், ஊருக்குப் போகிற சொந்தக்காரரை வழியனுப்புகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை மதியம் மழை பிடித்தது. இருநூற்றுப் பத்தும் தைத்து முடிந்து, திங்கட்கிழமை கொடுப்பதற்காக, சைஸ் வாரியாகத் தரை விரிப்பில் அடுக்கியிருந்தன. இன்ஜினியர் வெற்றியைப் பார்ப்பதற்கென்றே குடையோடு வந்திருந்தான். அத்தான் பழக்கதோஷத்தில் பேப்பரோடு எழுந்து கக்கூஸ் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"வேலை போன மாதிரி இருக்கு மச்சான்."

ஃபோர்மேன் போன் செய்தார். மெயின் ரொம்பிவிட்டது, வால்வு கச்சிதமாக மூடிக்கொண்டது என்றார். இன்ஜினியர் அதை அப்படியே உரக்கச் சொன்னான். மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

பத்து நிமிஷம் கழித்துப் பீங்கானுக்குள் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

முப்பத்திரண்டு மொட்டைமாடி மழையும், முப்பத்திரண்டு வீட்டுச் சமாசாரமும், போக்கிடம் இல்லாமல், ஆகப் பள்ளமான வாசலைத் தேடி வந்துவிட்டன. முன்பெல்லாம் கசிந்து வரும். இப்போது உரிமையோடு வந்தது. மூன்று பேரும் சட்டைகளை அள்ளினார்கள். பரண் எப்போதும் போல அறுபதோடு நிரம்பிக்கொண்டது. மெஷின் மேல் வைத்த அடுக்கு சரிந்து விழுந்தது. எக்ஸ்ட்ரா லார்ஜ் சைஸ் மொத்தமும் கூடத்தில் மிதந்தது.

இன்ஜினியர் போனில், "வால்வைத் திறந்துவிடுங்க," என்றான்.

"திறந்தா மெயின்ல இருக்கிறதும் சேர்ந்து வரும் சார்."

"மூடியே இருந்தா?"

"இப்ப வர்றது வந்துகிட்டே இருக்கும்."

"மெயினை எப்பதான் மாத்துவாங்க?"

"நான் சேர்ந்தப்ப அடுத்த வருஷம்னாங்க. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறேன்."

அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மூட்டை எங்க மச்சான்?" என்று கேட்டுவிட்டு, பதில் ஞாபகம் வந்து வாசல் பள்ளத்தைப் பார்த்தார்.

அக்கா இரண்டு பிளாஸ்டிக் சாக்கை எடுத்தாள். தரையில் கிடந்த சட்டைகளை, பிழிந்துகூடப் பார்க்காமல், ஒவ்வொன்றாகத் திணித்தாள். பட்டன் எல்லாம் பத்திரமாக இருந்தது. இரண்டு வாயையும் நூலால் கட்டினாள். ஒன்றை அத்தான் பீங்கானுக்குள் அமுக்கி, பலகை போட்டு உட்கார்ந்தார். உடனே குளியலறை ஓட்டையில் அக்கா அடைத்துவைத்திருந்த துணியும் வாளியும் எகிறிச் சாய்ந்தன.

அத்தான் திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தார். "மச்சான் எவ்வளவு வெயிட்?"

"அறுபத்திரண்டு."

"பத்தாது. வாளியை ரொப்பி மடியில வச்சுக்குங்க."

இன்ஜினியர் இரண்டாவது மூட்டையை ஓட்டையில் வைத்து அழுத்தினான். அதன்மேல் உட்கார்ந்தான். அடியிலிருந்து ஏதோ முட்டியது. இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தினான், நின்றது. வாளியை மடியில் வைத்துக்கொண்டான்.

கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "திங்கக்கிழமை ஸ்கூல்ல என்னடா சொல்றது?"

அவன் வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அத்தான் பேப்பரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான்.

"எவ்வளவு நேரம் அத்தான்?"

"மழை விட்டு ஒரு மணி நேரம்."

வெளியே மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. இன்ஜினியர் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.