குளத்தில் ஒரு புழுகூட இல்லை

கொசு ஆபீசர் இன்றைக்கு வருகிறார். ஒரு கொசுப்புழு, ஒரே ஒரு புழு அவர் கரண்டியில் ஏறிவிட்டால் போதும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தைச் சாயங்காலத்துக்குள் மண்ணடித்து மூடிவிட வேண்டும் என்பது பேச்சு. அந்த வாக்கைக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, குளத்தக்காவேதான். கொழுந்தன் எதிரே நின்று, இந்தக் குளத்தால்தான் என் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்தது என்று சொன்னபோது, பொறுத்துப் போகிறவளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருப்பாள். இவள் அப்படிப்பட்டவளா? கூப்பிடுங்கள் உங்கள் ஆபீசரை, ஒரு புழு இருந்தாலும் நானே மண்வெட்டி எடுக்கிறேன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள். சொல்லி முடித்து உள்ளே வந்தவள், பின்கதவைத் திறந்து குளத்தை இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள்.

காய்ச்சலில் கிடப்பது மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். வயிற்றில் பிள்ளை. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் பார்த்தார்கள், இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்று சொல்லி அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது, தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து கொழுந்தன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பாவம், அந்த ஆத்திரத்தை எங்கேயாவது கொட்ட வேண்டும் அல்லவா? கண்ணுக்கு எதிரே தண்ணீர் கிடந்தது.

குளத்தக்காவுக்கோ அந்தக் குளத்தை விட்டால் இந்த வீட்டில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. வீடு மாமனார் கட்டியது. சாமான்கள் எல்லாம் அவள் வருவதற்கு முன்பே இருந்தவை. புருஷன் லாரியில் போனால் மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். சும்மா கிடந்த பின்புறத்தை அவளே கடப்பாரை பிடித்துத் தோண்டி, அவளே சிமெண்டு பூசி, தொட்டியாக இருந்ததைக் குளமாக்கினாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் குளத்தக்கா. அவளுடைய சொந்தப் பெயர் இந்தத் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், போஸ்ட்மேனுக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கும்.

அதில் ஆசைக்குக் கப்பியும் தங்கமீனும் வாங்கி விட்டாள். ஆனால் கப்பி மீனுக்கு அளவு என்று ஒன்று தெரியுமா? இன்றைக்கு நாலு என்றால் அடுத்த மாதம் குளமே கறுப்புப் பொட்டாக நீந்தும். ஆகாயத்தாமரை அதற்கு மேல். ஒன்றைப் பிய்த்துப் போட்டால் ஒன்பதாக வந்து நிற்கும். அள்ளி அள்ளிச் சும்மா கொடுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டு வருகிறவர்களுக்கு விற்க ஆரம்பித்தாள். மீனைக் கவரில் தண்ணீரும் காற்றும் பிடித்து ரப்பர் போட்டு அன்றைக்கே அனுப்பிவிடுவாள். செடி விஷயம் வேறு. தங்கமீன்கள் ஆகாயத்தாமரையின் வேரை ஆட்டுக்குட்டி மாதிரி கடிக்கும். வேர் மொட்டையாக இருக்கிறது என்று ஒருத்தி செடியைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனதிலிருந்து, சொல்லி வைத்தவர்களின் செடிகளை மீன் இல்லாத வாளிகளில் எடுத்து வைப்பதுதான் அவள் வழக்கம். குளியலறைச் சுவருக்குப் பின்னால், நிழலுக்குக் கட்டிய பச்சை வலைக்கு அடியில், ஏழெட்டு வாளிகள் எப்போதும் வரிசையாக நிற்கும். யாருக்கு எந்த வாளி என்பது அவளுக்கு மனப்பாடம். வருகிறவர்கள் தாங்களே போய் எடுத்துக்கொள்கிற அளவுக்குப் பழக்கம்.

ஆபீசர் வந்தார். முழங்கால் வரை பேண்ட்டை மடித்து, செருப்பை வாசல் கதவுக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு, நீளப் பிடி போட்ட வெள்ளைக் கரண்டியும் டார்ச்சுமாகக் குளத்தங்கரையில் குந்தினார். அதிகம் பேசாத மனிதர். கொழுந்தன் படியில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் குளத்தக்கா கரண்டியையே பார்த்தாள்.

முதலில் ஓரமாக முக்கி எடுத்தார். தெளிந்த தண்ணீர். அல்லி இலைக்கு அடியில் எடுத்தார். பாசி. ஆகாயத்தாமரை வேர்களை விலக்கி, நிழல் விழுகிற மூலையில் கரண்டியை மெதுவாக இறக்கி எடுத்தவர், அப்படியே நிறுத்திவிட்டார். வெள்ளைக் கரண்டியில் ஏதோ ஒன்று துள்ளியது. இரண்டு. மூன்று. கொழுந்தன் படியிலிருந்து இறங்கி வந்தான். ஆபீசர் டார்ச்சை அடித்தார், கரண்டியைச் சாய்த்தார், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"மீன் குஞ்சு" என்றார். "கண்ணு ரெண்டும் தெரியுது பாருங்க."

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை, குளத்தைச் சுற்றி வந்து எல்லா மூலையிலும் முக்கிப் பார்த்தார். இந்தக் குளத்தில் கொசு முட்டையிட்டால் அது மீனுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான் என்று கொழுந்தனிடம் சொன்னார். மாடித் தொட்டியைத் திறந்து பார்த்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுத்துப் பார்த்தார். பூந்தொட்டிகளைச் சாய்த்துப் பார்த்தார். வீட்டில் வேறு எங்காவது தண்ணீர் தேங்குகிறதா என்று குளத்தக்காவைக் கேட்டார்.

"இல்ல சார். மடியில கனமில்ல, எனக்கு என்ன பயம்?"

வலையைக் காட்டி, அந்தப் பக்கம் என்ன என்றார். விற்கிறதுக்கு வைத்திருக்கிற செடி என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. அந்த வாளிகள் அவள் மனசில் சரக்கு. சரக்கைப் போய் யாராவது தேங்கின தண்ணீர் என்று நினைப்பார்களா? ஆபீசரும் மண்ணில் வைத்த செடி என்று எண்ணிக்கொண்டு தலையாட்டினார். கொசு எங்கேயிருந்தும் வரலாம், தெருவில் எத்தனையோ வீடு இருக்கிறது, அடுத்த வீட்டைப் பார்க்கிறேன் என்று செருப்பைத் தேடினார்.

கொழுந்தன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் சின்னவள் உங்கள் பக்கம்தான் பேசினாள், நான்தான் கேட்கவில்லை, தப்பாகப் பேசிவிட்டேன் என்று முனகினான். அந்த இடத்தில் குளத்தக்கா பெருந்தன்மையாக இருந்திருக்கலாம். ஒரு வார்த்தையில், பரவாயில்லை தம்பி என்று முடித்திருக்கலாம். விட்டாளா? ராத்திரி முழுக்கத் தூங்காத கோபம் நாக்கின் நுனியில் காத்திருந்தது.

"இனிமே யார் மேலயாவது விரல் நீட்டறதுக்கு முன்னாடி கண்ணால பாத்துட்டு நீட்டுங்க தம்பி" என்றாள்.

அவன் முகம் சுண்டிவிட்டது. அதைப் பார்க்க அவளுக்குத் திருப்தியாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரி இடுப்பில் குழந்தையோடு உள்ளே வந்தாள். போன வாரமே செடி சொல்லி வைத்தவள், ஆர்டர் துணி அதிகம், இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்தவள். என் வாளியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வலைக்குப் பின்னால் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கவர் சரசரக்கிற சத்தம். பிறகு அவள் குரல் வந்தது.

"அக்கா, கொசுறா மீன் குஞ்சும் போட்டிருக்கீங்களே! வாளி பூரா நெளியுது."

கொழுந்தனுக்கு அது ஒன்றுமாகப் படவில்லை. ஆபீசர் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். குளத்தக்கா ஒருத்திக்கு மட்டும்தான் அந்த வாளிகளில் மீன் இல்லை என்பது தெரியும்.

ஓடவில்லை, நடந்தேதான் போனாள். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். ஆகாயத்தாமரை வேர்களுக்கு நடுவில், தலைகீழாகத் தொங்குவதும் சுருண்டு சுருண்டு கீழே போவதுமாக, ஊசிநூல் துண்டுகள் போலக் கறுப்புப் புழுக்கள். அடுத்த வாளியில் அதே. அதற்கு அடுத்ததிலும். வாடிவிடக் கூடாதே என்று தினமும் போகிற போக்கில் ஒரு செம்பு தண்ணீர் விட்டு அவளே வளர்த்திருக்கிறாள். யார் யாரோ வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்தவை, யாரும் வராமல் வாரம் தாண்டிவிட்டன.

வாளிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. மீன் தீனி வாடையில் வாந்தி வருகிறது, குளத்துப் பக்கமே வர முடியவில்லை என்று சின்னவள் அழாத குறையாகச் சொன்னபோது, இங்கே வலை நிழல் இருக்கிறது, காற்று வரும், பகலில் இங்கே வந்து உட்கார் என்று அந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டது குளத்தக்கா. சின்னவளும் சமத்தாக வந்து உட்கார்ந்தாள், மத்தியானம் முழுக்க, காலை நீட்டிக்கொண்டு.

தையல்காரி செடியை வேரும் தண்ணீருமாகக் கவருக்குள் இறக்கிவிட்டாள். ஒரு குஞ்சும் வீணாகிவிடக் கூடாதே என்று வாளியைச் சாய்த்து மிச்சத் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த குழந்தை கவரைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தது.

பேசாமல் இருந்தால் போதும். இந்தக் கவர் தானே வாசலைத் தாண்டிப் போய்விடும். ஆபீசர் போன பிறகு மற்ற வாளிகளைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரிகூட இல்லை, மறைக்க ஒன்றுமே இருக்காது. குளம் தப்பியது தப்பியதுதான். கொழுந்தன் மன்னிப்புக் கேட்டது கேட்டதுதான். சின்னவள் நல்லபடியாக வீட்டுக்கு வந்தால் கட்டிப்பிடித்துக்கொள்வாள். தையல்காரி வீட்டில் நாலு நாள் கழித்து இவையெல்லாம் இறக்கை முளைத்துப் பறக்கும். அந்தக் குழந்தையின் காலில் ஏற்கெனவே ஏதோ கடித்த தடிப்பு இருந்தது.

ஒரு நிமிஷம் குளத்தக்கா பேசாமல்தான் நின்றாள். தையல்காரி கவரின் வாயைச் சுருட்டி ரப்பர் கேட்டுக் கையை நீட்டும் வரைக்கும் நின்றாள்.

"கீழ வை அதை" என்றாள் பிறகு. "அது மீனில்ல. குழந்தையத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போ."

வாசலுக்கு வந்தாள். ஆபீசர் தெருவில் காலை வைத்துவிட்டார்.

"சார். இன்னொரு எடம் பாக்கணும்."

அவர் திரும்பி வந்தார். கரண்டியை முக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை, கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாலே தெரிந்தது. கொழுந்தன் பின்னாலேயே வந்து நின்றான். அவன் பார்வை வாளிகளில் ஆரம்பித்து நாற்காலியில் வந்து நின்றது. அவன் கேட்கும் முன்பே குளத்தக்கா சொல்லிவிட்டாள்.

"நான்தான் அவள இங்க ஒக்கார வச்சேன் தம்பி."

ஆபீசர் ஒவ்வொரு வாளியாகக் கவிழ்த்து, செடிகளை வெயிலில் பரப்பினார். குளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, குளம் இருக்கட்டும், அதை மூடத் தேவையில்லை என்றார். இதற்கு முன்னால் யார் யாருக்குச் செடி கொடுத்தீர்கள் என்று கேட்டார். அவள் விரலை மடக்கி மடக்கிச் சொல்லச் சொல்ல, அந்த வீடுகளுக்கெல்லாம் இன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், நானும் பின்னால் வந்து பார்க்கிறேன் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தையல்காரி வெறுங்கையோடு எப்போது போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

கொழுந்தன் கத்துவான், மண்வெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுப்பான் என்று காத்திருந்தாள். அவன் மாடிக்குப் போனான். பீரோ திறக்கிற சத்தம், கட்டில் இழுபடுகிற சத்தம். இறங்கி வந்தபோது இரண்டு தோளிலும் பைகள். ஒரு பைக்கு வெளியே சின்னவளின் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது அண்ணி. அதுக்குக் கை எடுத்துக் கும்பிடறேன்" என்றான். "குளம் இருக்கட்டும். அவ பொழச்சு வந்தா நேரா அவங்கம்மா வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். இங்க வேணாம்."

பையை நான் ஒன்று தூக்குகிறேன் என்று கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. ஆபீசருக்கு மட்டும் வழி விட்டு ஒதுங்கி நின்று, பிறகு போய்விட்டான்.

செருப்பை மாட்டிக்கொண்டு முதல் வீட்டுக்குக் கிளம்பும்போது போன் அடித்தது. சின்னவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஆனாலும் அதில் ஒரு குஷி இருந்தது. காலையில் எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பிள்ளையின் துடிப்பும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனாராம். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே அடுத்ததைக் கேட்டாள்.

"அக்கா, ஆபீசர் வந்தாரா? நாம ஜெயிச்சிட்டோமா?"

குளத்தக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். குளத்தில் ஒரு புழுகூட இல்லை என்றாள். அந்தப் பக்கம் சின்னவள் சிரித்தாள், சொன்னேன்ல என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொல்வதும் கேட்டது. அந்தச் சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து, வாளிகளைப் பற்றிச் சொன்னாள். எத்தனை நாளாகத் தண்ணீர் மாற்றவில்லை என்பதைச் சொன்னாள். நீ எங்கே உட்கார்ந்திருந்தாயோ அதற்குப் பக்கத்தில்தான் என்றும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் போனுக்குள் கேட்டது.

"எனக்குத் தலை சுத்துதுக்கா" என்றாள் சின்னவள் கடைசியில். "அப்பறம் பேசறேன்."

குளத்தக்கா எழுந்து முதல் வீட்டுக்குப் போனாள், இரண்டாவது வீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் செடியைக் கொண்டுவரச் சொல்லி, தண்ணீரைக் கொட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னாள். போனைக் கையிலேயே வைத்திருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளத்து மீன்களுக்குத் தீனி போட்டபோதும் வைத்திருந்தாள். அது அடிக்கவில்லை.