பக்கத்து சீட்டுக்கான குமிழ்

ஜீப்பின் கியர் குமிழ் வெயிலில் வெடித்து உள்ளங்கையைக் கீறத் தொடங்கிய பிறகுதான் லேத்துப் பட்டறைக்குப் போனேன். லேத்துக்காரர் மரத்தில் அழகாகக் கடைந்து தருவார். ஆனால் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவர் வாய் ஓடிக்கொண்டே இருக்கும்.

அளவு கேட்டார். விரல்களைக் குவித்துக் காட்டினேன்.

"உங்க கைக்கு அது எலுமிச்சம்பழம் மாதிரி இருக்குமே சார்."

"என் கைக்கு இல்ல. வீட்டுக்காரி கைக்கு."

"அவங்க ஓட்டுவாங்களா?"

"ஓட்டமாட்டா. கியர் மட்டும் போடுவா."

மெஷினோடு வாயையும் நிறுத்திவிட்டுப் பார்த்தார். விளக்கித் தொலைக்க வேண்டியதாயிற்று. எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் கிளட்ச்சை மிதித்து "ம்" என்பேன். பக்கத்து சீட்டிலிருந்து அவள் கியர் போடுவாள். சேற்றில் இறங்கினால் ஃபோர்வீல் லீவரையும் அவளே இழுப்பாள். தோள் சரியான பிறகும் அந்தப் பதவியை அவள் விட்டுத்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அவளுக்குக் கடல் கடந்து வேலை. போனில் பேச்சு தேய்ந்துகொண்டே வருகிறது. "சாப்பிட்டீங்களா?" என்பாள். "ம்" என்பேன். அவ்வளவுதான். நானில்லாமல் பழகிவிட்டாளோ என்று பயம். நேற்று மேட்டில் கிளட்ச்சை மிதித்து "ம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வண்டி பின்னால் உருண்டது. பின்னாலிருந்த லாரிக்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான்.

லேத்துக்காரர் குமிழைக் கடைந்து, தலையில் கியர்க் கோடுகளையும் எண்களையும் செதுக்கி, கொண்டுவந்து ஜீப்பில் திருகினார்.

"நம்பர் உங்களைப் பாத்துதானே?"

"இல்ல. பக்கத்து சீட்டைப் பாத்து."

"ஆளே இல்லாத சீட்டுக்கா சார்?"

சுள்ளென்று கோபம் வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொன்னபடியே திருப்பி நட்டை இறுக்கினார்.

படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதினால் கெஞ்சிவிடுவேன். அவள் பார்த்துவிட்டதாகப் போன் காட்டியது. பதில் இல்லை. லேத்துக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அது ஆறிப் போனது.

அப்புறம் போன் அதிர்ந்தது.

"கோணலா இருக்கு. இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருப்புங்க."

லேத்துக்காரர் ஸ்பானரோடு எழுந்தார். அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நானே ஜீப்பில் ஏறினேன்.