மேல் சட்ஜம்

தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தபிறகு கோபிகா பாடும் முதல் கச்சேரி அது. மானிப்பாயில் ஒரு வீட்டின் முன்கூடம், மைக் கிடையாது. வந்தவர்கள் பாட்டுக் கேட்க வந்தார்களா, குரல் போய்விட்டதா என்று பார்க்க வந்தார்களா, அது அவர்களுக்கே வெளிச்சம். யாழ்ப்பாணத்துச் சபைக்குக் காது கூர்மை. வாய் அதைவிடக் கூர்மை.

வயலின் பிரியந்தினி. படிக்கிற காலம் தொட்டு இருவரும் ஒன்றாகவே மேடையேறி வருகிறார்கள். அன்றும் ஏறுமுன் கோபிகா அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"எனக்காகக் குறைச்சு வாசிச்சியெண்டால், இனி உன்னோடை மேடையிலை இருக்கமாட்டன்."

பிரியந்தினி தலையாட்டினாள். தலையாட்டுவது சுலபம்.

கரகரப்பிரியா ராக ஆலாபனை நன்றாகத்தான் போனது. படிப்படியாக ஏறி, உச்சியிலுள்ள 'ச'வான மேல் சட்ஜத்தைத் தொட்ட இடத்தில் குரல் உடைந்து வெறும் காற்றாகிவிட்டது. கோபிகா மறுபடி போனாள். மறுபடியும் காற்றுத்தான். முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டினார். அவரை வில்லாலேயே போடவேண்டும் போலிருந்தது பிரியந்தினிக்கு. கோபிகா கீழே இறங்கி முடித்துவிட்டு, உன் முறை என்று கையைக் காட்டினாள்.

பாடியவர் முடித்ததும் அதே ராகத்தை வயலின் தனியே வாசிக்கவேண்டும். அதுதான் முறை. மேல் சட்ஜத்துக்குப் போனால், கோபிகாவுக்கு எட்டாதது ஊருக்கே கேட்கும். போகாவிட்டால் கொடுத்த வாக்குப் போய்விடும். பிரியந்தினி ஏறினாள், சட்ஜத்துக்கு ஒரு படி கீழே நின்றாள், மளமளவென்று இறங்கி முடித்தாள். சபை 'ச்சு' கொட்டியது.

அருளம்பலம் மிருதங்கத்தில் கையை வைத்துக் காத்திருந்தார். கோபிகா பாட்டைத் தொடங்கவில்லை.

"நீ இன்னும் முடிக்கேல்லை," என்றாள். மைக் இல்லாத கூடத்தில் அது கடைசி வரிசைவரை கேட்டது.

சிநேகிதியைக் காப்பாற்றப்போய், சபை நடுவே அவளை நோயாளியாக்கிவிட்டது அப்போதுதான் பிரியந்தினிக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வில்லை எடுத்து, நேரே மேல் சட்ஜத்துக்குப் போய் நின்றாள். கண் கலங்கியது; வில் ஆடவில்லை.

பிறகு கோபிகா பாடினாள். அனுபல்லவியில் பாட்டு மேல் சட்ஜத்துக்கு ஏறும் இடம் வந்தது. கோபிகா பாட்டை நிறுத்தி, தாளத்தை விடாமல், மற்றக் கையை வயலின் பக்கம் நீட்டினாள்.

பிரியந்தினி அந்தச் சட்ஜத்தை வாசித்தாள். அடுத்த சொல்லைக் கோபிகா எடுத்துக்கொண்டாள்.