வெளிச்சம் பார்க்க எடுத்த படம்

படம் எடுத்த அன்று ஸ்டூடியோவில் இருந்தவர்கள் பெரியவர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகன், மருமகள். கேமராவுக்குப் பின்னால் பெரியவரின் மைத்துனன். வேறு ஈ, காக்கை இல்லை. தாங்களும் அங்கே நின்றதாகப் பிற்பாடு கதை அளந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரும் நிற்கவில்லை.

அந்த வாரமே மருமகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தாடை எலும்பு முறிந்திருந்தது, இடது கண்ணில் கட்டு. மாடிப்படியில் தவறி விழுந்தாள் என்றான் மகன். கேட்டபோது அவளும் ஆமாம் என்று தலையசைத்தாள். அவளுடைய அப்பா சாயங்காலம் வந்து இறங்குவதாக இருந்தது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெரியவர். "எங்க வீட்டுல பொம்பளை மேல கை பட்டது கிடையாது" என்று பெண் கேட்கப் போன இடத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் அவர். அந்த வாக்கை நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தார்கள். இப்போதும் அவர் வாய் திறந்து விழுந்தாள் என்றால் சம்பந்தி மறுபேச்சுப் பேசமாட்டார்.

மத்தியானம் மைத்துனன் போன் பண்ணினான். "அத்தான், கடைக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க. தனியா."

போனார். ஸ்டூடியோ ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

"என்னடா, பட்டப்பகல்ல கடையைச் சாத்திட்டுத் திருட்டு வேலை?"

"உக்காருங்க அத்தான்."

கம்ப்யூட்டர் திரையில் குடும்பப் படம் இருந்தது. நான்கு பேரும் பிடித்து வைத்த பொம்மைகள் போல நின்றார்கள். மருமகள் அளவாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானே இருக்கு? இதைக் காட்டவா கூப்பிட்ட?"

"இதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. எல்லாரும் நிக்கறதுக்குள்ள வெளிச்சம் பாக்க ஒண்ணு தட்டுவேன். அழிச்சிடறதுதான். இதை அழிக்கல."

அந்தப் படத்தில் யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. மனைவி வளையலை மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். பெரியவர் சட்டைப் பொத்தானில் குனிந்திருந்தார். மகன் தலைமுடியைக் கோத வலது கையைத் தூக்கியிருந்தான். அவ்வளவுதான் செய்திருந்தான். பக்கத்தில் மருமகள் கண்ணை இறுக மூடி, தோளுக்குள் கழுத்தை இழுத்து, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"தும்மியிருப்பா."

"தும்மறவ தலையை மறைப்பாளா அத்தான்?" மைத்துனனுக்குக் குரல் ஏறியது. "நானும் இத்தனை வருஷமா கிழவி முகத்துச் சுருக்கம், கம்பியில குருவி, தண்ணியில சூரியன்னு எடுத்துத் தள்ளினேன். எல்லாம் அழகா இருக்கும், அடுத்த நிமிஷம் மறந்துடும். கல்யாணத்துல எடுத்ததுக்குக் கணக்கே இல்ல. ஒரு படம்கூட ஒரு விஷயத்தைச் சொன்னதில்ல. இது ஒண்ணுதான் சொல்லுது. நாம யாரும் பாக்காததை இது பாத்திருக்கு. இதையும் நான் எடுத்தேன்னு சொல்ல முடியல. தட்டினேன், விழுந்துடுச்சு."

அவன் முகத்தில் பெருமை இருந்தது. பெரியவர் அதைக் கவனித்தார்.

"எப்ப பாத்த இதை?"

மைத்துனன் மேசை விளிம்பைச் சுரண்டினான்.

"கேக்கறேன்ல?"

"எடுத்த அன்னிக்கே."

"அன்னிக்கேவா? அவ விழறதுக்கு முன்னாடியே?"

"போட்டிக்கு அனுப்பலாம்னு... கறுப்பு வெள்ளையில போட்டு, ஓரத்தை வெட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"த்தூ! நீயெல்லாம் ஒரு மனுஷனா? வெட்டி ஒட்டின நேரத்துக்கு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா கேட்டிருப்பீங்களாக்கும்! மூணு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தீங்க. இந்தப் படத்துலயே ஒரு முழம் தள்ளித்தான் நிக்கறீங்க. பொத்தான் போட்டுக்கிட்டு."

அந்த வயசுவரை அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அறைந்திருப்பார். கை தூக்கப் போனதும் திரையில் இருந்தவளின் முழங்கை கண்ணில் பட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்காகிட்டயும் காலையில காட்டினேன்" என்றான் மைத்துனன், குரலை இறக்கி. "உடனே அழிக்கச் சொன்னா. குடும்ப மானம் கப்பலேறிடும்னு அழுதா. நீங்க சொல்லுங்க, அழிச்சிடறேன்."

பெரியவர் எழுந்தார். படம் எடுக்க வருபவர்கள் தலை சீவும் கண்ணாடியில் சீப்பும் பவுடர் டப்பாவும், நடுவே அவர் முகமும் தெரிந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடையில இருக்கறதுலயே பெரிய அளவுல போடு. கறுப்பு வெள்ளை வேண்டாம். இருக்கற மாதிரியே போடு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தி பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றிருந்தார். "மாடிப்படின்னு மாப்பிள்ளை சொன்னார். அவளும் அதையேதான் தலையாட்டறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா என் மனசு ஆறிடும் சம்பந்தி."

"விழல" என்றார் பெரியவர். படம் இருந்த உறையை நீட்டினார். "என் வாக்கு பொய்யாப் போச்சு."

சம்பந்தி படத்தை வெளியே எடுத்தார். பார்த்தார். பிறகு பெரியவரை ஒருமுறைகூடப் பார்க்காமல் மகள் கிடந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மருமகளுக்கு அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. அவளும் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. மகனைப் போலீஸ் கொண்டுபோனது. பெரியவருக்கு மனைவி சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். போட்டிக்கு அனுப்பட்டுமா என்று மைத்துனன் ஒரே ஒரு தடவை கேட்டான். பெரியவர் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை. பாஸ்போர்ட் படங்களுக்குத் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு அவன் எடுத்த எதுவும் எதையும் சொல்லவில்லை.

அக்கா வீடு வாழ்வது பொறுக்காமல் மைத்துனன்தான் அந்தப் படத்தைச் சம்பந்தியிடம் கொடுத்துக் குடியைக் கெடுத்தான் என்று உறவுக்குள் இன்றும் பேச்சு இருக்கிறது. அவன் கொடுக்கவில்லை. பெரியவர் கொடுத்தார்.