பத்தொன்பது அரசர்களின் பிரமிடு

பள்ளி மைதானத்தின் மூலையில் நிற்கும் பிரமிடைப் பெற்றோர்கள் ஒரே மாலையில் கட்டி முடித்தார்கள். தண்ணீர்த் தொட்டியைவிடக் கொஞ்சம் உயரம். விளையாட்டு வகுப்புக்கு நிழல் கிடைத்தது என்பதைத் தவிர அதனால் வேறு நன்மை எதுவும் சொல்வதற்கில்லை.

மூன்றாம் வகுப்புக்காக நாடக ஆசிரியை எழுதிய பழைய எகிப்து நாடகத்தில் முதலில் ஒரே ஒரு அரசர்தான் இருந்தார். மற்றவர்கள் கல் இழுப்பவர்கள், போதாக்குறைக்கு ஒரு முதலை. யாருக்கு என்ன வேடம் என்று தெரிந்த மறுநாள் காலையிலேயே பல் டாக்டர் தம்பதி வந்துவிட்டார்கள். "மிஸ், வீட்ல அவன் சாப்பிட்ட தட்டக்கூட எடுத்து வைக்க மாட்டான். அவனப் போய் கல்லு இழுக்கச் சொல்றீங்களே!" என்று அந்த அம்மாள் பெருமையோடு சொன்னார். வங்கி மேலாளர் உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார். முதலையின் அப்பா அழுதேவிட்டார். இப்படிக் குடும்பம் குடும்பமாக வந்து போனதில், வாரக் கடைசிக்குள் வகுப்பில் இருந்த பத்தொன்பது பேரும் அரசர்களாகிவிட்டார்கள். எகிப்தில் வேலை செய்ய ஆளில்லை. மருந்துக்கடைக்காரர் மகள் மட்டும் தனக்கு ராஜா வேண்டாம், மேடையில் உயரத்தில் ஏறி நிற்கப் பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தாள். வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் அவளுக்குச் சுண்டு என்று பெயர். "நாலு பேர் முன்னாடி மானத்த வாங்காத. வாய மூடிட்டு ராஜாவா இரு" என்றாள் அம்மா. சுண்டுவின் தலையில் கோடு போட்ட துணியும் தாடையில் ஒட்டுத் தாடியும் ஏறின.

நாடகத்தன்று திரை விலகியதும் அரசர்கள் ஒரே குரலில், "இழுங்கள் கல்லை!" என்று கட்டளையிட்டார்கள். மேடையில் இழுக்க ஒருவரும் இல்லாததால் கட்டளை அரங்கத்துக்குள் இறங்கி ஒரு சுற்று சுற்றியது. பெற்றோர்கள் எழுந்தார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை, வீட்டில் தினமும் நடப்பதுதான். ஆனால் அவர்கள் கை பட்டதும் கல்லுக்குப் பதிலாக மேடையில் வைத்திருந்த தெர்மோகோல் கட்டிகளெல்லாம் ஆளுயரப் பாறைகளாயின, தொடத் தொடப் பெருகவும் செய்தன. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் பாறை தன்னுடையதைவிடப் பெரிதா என்றுதான் எட்டிப் பார்த்தார்கள். வாசல் அகலம் போதாததால் அரங்கத்தின் ஒரு சுவரைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, மைதானத்துக்கு இழுத்துப் போய் அடுக்கினார்கள். வங்கி மேலாளர் ஒரு கையில் கயிறும் மறு கையில் செல்போனுமாக இழுத்தார்.

பொழுது சாயும்போது பிரமிடு முடிந்தது. செத்த அரசனை உள்ளே வைத்து மூடுகிற இடம் அது என்று ஆசிரியை நினைவூட்டினார். நாடகத்தை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். பெற்றோர் காதில் விழுந்தது வேறு: உள்ளே நடு அறை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

"நடு ரூம் எங்க பையனுக்குத்தான். பெரிய கல்லு நாங்கதான் இழுத்தோம்" என்றார் பல் டாக்டரின் மனைவி.

"இழுத்தீங்களா? பின்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டில்ல இருந்தீங்க!"

மருந்துக்கடையில் வரிசையை மீறுகிறவர்களை அடக்கிப் பழகிய தொண்டை சுண்டுவின் அம்மாவுடையது. கடைசியில் அவள்தான் ஜெயித்தாள்.

"உள்ள போடி செல்லம். சிரிச்ச மொகமா போ, அப்பா வீடியோ எடுக்கறார்."

சுண்டு எட்டிப் பார்த்தாள். கும்மிருட்டு. மூடுவதற்கான கல் பக்கத்திலேயே தயாராக நின்றது.

"அத மூடிட்டா எப்படிம்மா வெளிய வர்றது?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மத்தப் பிள்ளைங்க எவ்ளோ ஆசையா நிக்குது பாரு."

மற்றப் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார்கள். அம்மாவின் கை முதுகில் தள்ளியது. சுண்டு வாசலிலேயே காலை ஊன்றி நின்றாள். நழுவிய தாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அரசர் சொல்கிறேன்! முதலில் நீங்கள் எல்லோரும் உள்ளே போய், அறை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள்.

அரசர் சொன்னால் சொன்னதுதான். பெற்றோர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். மற்ற அரசர்கள் ஓடி வந்து, தம் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வேலைக்குத் தோள் கொடுத்து, கல்லைத் தள்ளி மூடினார்கள்.

பயந்துபோய் மறுநாள் காலையில் அவர்களே கல்லை விலக்கியும் வைத்தார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. பிள்ளைகளைத் தாத்தாக்களும் சித்திகளும் பார்த்துக்கொண்டார்கள். மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது, தூக்கம் கூடியது. பல் டாக்டர் உள்ளேயே நோயாளிகளைப் பார்க்கிறார். மின்சார வாரியம் இணைப்புக் கொடுத்துவிட்டது. நாடக ஆசிரியை இப்போது கணக்குப் பாடம் எடுக்கிறார்.

சுண்டு வளர்ந்து அம்மாவை எட்டிப் பிடிக்கும் உயரத்துக்கு வந்துவிட்டாள். ஒரு மாலை வாசலில் குனிந்து கேட்டாள்: "போதும்மா, வீட்டுக்கு வாயேன்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது, மிகவும் தாழ்ந்து: "மெதுவாப் பேசுடி. நான் எந்திரிச்சா அந்த டாக்டர் பொண்டாட்டி நடு ரூமப் பிடிச்சுக்குவா."

சுண்டு சரி என்றாள். வெயில் உள்ளே அடிக்காமல் கல்லைக் கொஞ்சம் சாத்திவிட்டு விளையாடப் போனாள்.